ஐந்தாம் ஸ்தலம்

இந்த வருஷம் என்னை இயேசுவாக நிற்கச் சொன்னார்கள்.
தோள் அகலம், தாடி சொந்தம்
என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
பதினாறு வருஷமாக பார் தூக்குகிறவன் நான்.
சாக்கை மடித்துத் தோளில் போட்டு
விடியுமுன்னே லாஞ்சுக்கும் லாரிக்கும் நடந்தால்
முதுகு முழுக்கக் குளிர் வழியும்.
ஐஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு:
ஏற்றிய எடையை இறக்கும் இடத்தில் கணக்குக் கேட்காது,
வழியிலேயே கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிடும்.

சிலுவை பிளைவுட்.
உள்ளே கூடாக அடித்து
தேக்கு நிறம் பூசியிருந்தார் ஆசாரி.
தட்டினால் தகரடப்பா மாதிரி சத்தம்.
"இன்னாண்ணே, வெயிட்டே இல்ல."
"வெயில்ல தூக்கினு போய்ப் பாரு, அப்பால சொல்லு."

பெரிய வெள்ளி. தார் இளகும் பதினோரு மணி.
குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்து
நெற்றியிலும் தோளிலும் ரத்தம் எழுதினார்கள்.
துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள்
ஓரமாய் ஒதுங்கி உறுமிக்கொண்டிருந்தன.
கிளீனர் பையன் ஒருவன்
செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் நின்று கும்பிட்டான்.
யாரை என்று
எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

மூன்றாவதில் விழ வேண்டும், விழுந்தேன்.
நான்காவதில் மாதாவாக நின்ற பிலோமி
நிஜமாகவே அழுதாள்.
அவள் மகன் புழலில் விசாரணைக் கைதி.

ஐந்தாவதில் சீமோன்.
ஒத்திகை பார்த்தவனுக்கு அம்மை போட்டிருந்தது.
கூட்டத்திலிருந்து யாரையோ பிடித்துத் தள்ளினார்கள்,
அன்றைக்கும் அப்படித்தானே தள்ளியிருப்பார்கள்.

வந்தவன் இன்னாசி.

இரண்டு வருஷம் முந்தி,
ஐஸ் உடைக்கும் மெஷின் வாயில் கையை விட்டு
சிக்கிய துண்டை எடுத்துக்கொண்டிருந்தான் அவன்.
சுவிட்சைப் போட்டவன் நான்.
என் வாயில் ராத்திரிச் சரக்கின் வாடை.
முதலாளி கேட்டபோது
"அவன்தான் குடிச்சிருந்தான்" என்றேன்.
நஷ்டஈடு கிடைக்கவில்லை.
பாவசங்கீர்த்தனத் தொட்டியில்
குடி, கோபம், பொய் என்று பொதுவாய்ச் சொன்னேன்.
மூன்று அருள் நிறை மந்திரம் அபராதம்.
விரலுக்கு ஒன்று என்று சாமியாருக்குத் தெரியாது.

மிச்சமிருந்த கட்டைவிரலும் சுண்டுவிரலும்
பலகைக்கு அடியில் நுழைந்தன.
அப்போதுதான் அது கனத்தது.

அவரைப் போல நடக்கிறேன்
என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அதுவரை.
இல்லை.
இந்த ஊர்வலத்தில் நான் மரம்.
பிலோமியின் மகன், பொய்ச்சாட்சி, ராத்திரிச் சரக்கு,
முதலாளியின் நோட்டுக்கற்றை
எல்லாம் ஏற்றிய மரம்.
அடியில் எங்கோ அவர் நடந்துகொண்டிருக்கிறார்,
முகம் தெரியவில்லை,
மூச்சு மட்டும் கேட்கிறது.

ஐஸாக இருந்தால்
இந்த வெயிலுக்கு இந்நேரம் பாதி போயிருக்கும்.
இது கரையாது.
ஒருத்தர் முழுசாகத் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

"இன்னாசி, அன்னிக்கி சுவிட்சு..."
"தெரியும். நட."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை.
கையை எடுக்கவும் இல்லை.
ஆறாவது ஸ்தலத்தில் அவன் விலகியிருக்க வேண்டும்,
பதினொன்றாவது வரைக்கும் வந்தான்.

சனிக்கிழமை விடியலில் முதலாளியிடம் சொன்னேன்.
எண்ணிக்கொண்டிருந்த பணத்திலிருந்து
தலையை எடுக்காமல்
"ரெண்டு வருஷம் கழிச்சி இன்னாடா புதுசா?" என்றார்.
இன்னாசிக்கு ஏதாவது கிடைக்குமா, தெரியாது.
திங்கட்கிழமை இருவரையும்
யூனியன் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் பாரை ஏற்றினேன்.
தேய்த்தும் போகாத குங்குமம்
ஐஸ் தண்ணீரில் கரைந்து
முதுகு வழியே லுங்கிக்கு இறங்கியது.
பின்னால் வந்த பையன் பதறிவிட்டான்.
"அண்ணே, ரத்தம்!"

"என்னுது இல்லடா" என்றேன்.