முப்பத்தொரு அங்குலம்

சுத்தியல் விழுந்த முதல் நாளே
ரைஸ் குக்கர் வாஷிங் மெஷினுக்கு மேலே குடியேறியது.
மிளகாய்த்தூள் போத்தல் புத்தக அலுமாரியில்.
உப்பு எங்கே என்று எவருக்கும் தெரியாது.
வெள்ளவத்தை, ஐந்தாம் மாடி:
சன்னலைத் திறந்தால் உப்புக்குக் குறைவில்லை.

ஆமர் வீதிக்குக் கல் பார்க்கப் போனோம்.
நிறுத்தி வைத்த பலகைகளுக்கு நடுவே
குடையை மடக்கிக்கொண்டு நடந்தேன்,
யாரோ ஒருவரின் கலியாணத்துக்கு
அழைப்பில்லாமல் நுழைந்தவள் மாதிரி.
கறுப்புக் கிரனைட்டில் என் முகம் தெரிந்தது.
சமைக்கும்போது அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.
வெள்ளைக் குவார்ட்ஸ் நல்ல வடிவு.
"மஞ்சள் பட்டால்?" என்றேன்.
"உடனே துடைச்சாப் போதும் மேடம்," என்றார் றிஸ்மி.
உடனே என்ற சொல்
எந்த வீட்டுக் குசினியில் இருக்கிறது?

மாதிரிக்கு நாலு துண்டு வாங்கி வந்தேன்.
இரவில் ஒவ்வொன்றிலும்
ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர், ஒரு சொட்டுப் புளி,
ஒரு கீற்றுப் பீற்றூட்.
கமலேந்திரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"நீ வங்கியிலயோ வேலை, லாப்பிலயோ?"
காலையில் வெள்ளை, மஞ்சளாய் எழும்பியது.
பளபளப்பில்லாத சாம்பல் மட்டும்
ஒன்றும் நடக்காதது போல் கிடந்தது.
எனக்கு அந்த முகம் பிடித்துப்போனது.

சுமணசேன பாஸ் பேசுவது குறைவு.
காதில் பென்சில், கையில் நாடா.
"மிஸ், நில்லுங்க. கை மடிங்க."
முழங்கையிலிருந்து நிலம் வரை அளந்தார்,
ஆறங்குலம் கழித்தார்,
சுவரில் ஒரு கோடு கீறினார். முப்பத்தொன்று.
உடைத்தெடுத்த பழைய தட்டின் தழும்பு
அதற்கு நாலங்குலம் மேலே ஓடியது.

என் உயரம் நாலடி பதினொன்று.
பதினாலு வருடம் அந்தத் தட்டில்
தோளை உயர்த்தி வெங்காயம் வெட்டினேன்.
வயது என்றார்கள். கம்ப்யூட்டர் என்றார்கள்.
கழுத்தெலும்பு என்று ஒருவர் படமும் எடுத்தார்.
தைலத்துக்கும் பிசியோதெரபிக்கும் போன காசில்
இன்னொரு கல் வாங்கியிருக்கலாம்.

"அப்ப இதை ஆருக்கு அளந்து கட்டினது?"
பாஸ் சிரிக்கவில்லை.
மூலையில் நின்ற காஸ் சிலிண்டரைக்
காலால் மெல்லத் தட்டினார்.
"இவருக்கு."

ரெகுலேட்டரோடு உள்ளே நிற்க வேண்டுமாம்,
திருகுவதற்குக் கை போக வேண்டுமாம்.
இந்தக் கட்டிடத்தில் அறுபது வீடு,
அறுபதிலும் இவர் உயரம்தான்.
நீல நிறச் சிலிண்டர் ஒன்றின் அளவில் நின்று
சோறு வடித்திருக்கிறேன்.
காஸ் இல்லாத அந்த மாதங்களில்,
விடியப்புறம் வரிசையில் நின்று
வெறுங்கையோடு திரும்பிய மாதங்களில்கூட,
அவருக்கென்று ஒதுக்கிய இடம் காலியாய் இருந்தது.
நான் எட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"விக்கேக்க கேப்பினம், ஏன் இவ்வளவு பதிவு எண்டு."
இது கமலேந்திரன்.
"வாங்கிறவளும் கட்டையா இருப்பாள்," என்றேன்.

பல்கனிச் சுவரில் துளை போட்டார்கள்.
கீழ்வீட்டு நதீஷா இரண்டு தரம் மணி அடித்தாள்,
மூன்றாம் தரம் வந்து, எவ்வளவு முடிந்தது என்று
விலை கேட்டுக்கொண்டு போனாள்.
கல் லிஃப்டுக்குள் நுழையவில்லை.
நாலு பேர் படியில் தூக்கினார்கள்,
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
ஒரு மூலை நகத்தளவு உடைந்தது.
றிஸ்மி ஏழாயிரம் குறைத்தார்.
அந்த மூலையை மிக்ஸிக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்றைக்குப் பருப்பு.
மஞ்சள் கொட்டுப்பட்டது. பிறகு துடைக்கலாம்.
வெங்காயம் வெட்டும்போது தோள்
இருந்த இடத்திலேயே இருந்தது.
அதை என்ன செய்வதென்று தெரியாமல்
கத்தியை ஒருமுறை கீழே வைத்தேன்.

வெளியே, சின்னத் தகரக் கூரையின் கீழ்
அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.
அளுத்கம ரயில் போகிறது, கோப்பைகள் லேசாய் நடுங்குகின்றன.
உப்புக் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்கிறார்கள்.
துருப்பிடித்தால் என்ன,
அவரைக் கொடுத்து வேறொருவரை வாங்கலாம்.