கச்சான் மாதங்கள்

தம்பலகாமம் கிளினிக்கில்
யதுஷன் தராசில் ஏறப் போகிறான்.
செருப்பைக் கழற்று என்றதும்
காற்சட்டைப் பைக்குள் இருந்த இரண்டு போளையையும்
தானாகவே எடுத்து மேசையில் வைக்கிறான்.

பதினான்கு கிலோ.
போன மாதமும் அதுதான்.

"சாப்பாடு குடுக்கிறேல்லையா?"
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
நிரோஜினி தலை குனியவில்லை.
"ரெண்டு நேரமும் மீன், மிஸ். முட்டை.
இரவில முட்டு வந்தா எல்லாத்தையும் சத்தி எடுக்கிறான்."

அவள் முடியில் உமிச்சாம்பல்.
ஆலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.
விடிய நான் உண்ட சோறும்
அங்கே குற்றியதுதான்.

அட்டையைப் புரட்டுகிறேன்.
வாடை வீசும் மார்கழி, தையில்
கோடு கொஞ்சம் ஏறுகிறது.
கச்சான் தொடங்கும் வைகாசியில் படுத்துக்கொள்கிறது.
நாலு வருசமும் அப்படியே.
இத்தனை காலமும் நிறத்தைத்தான் பார்த்திருக்கிறேன்,
பச்சையா, மஞ்சளா, செம்மஞ்சளா என்று.
கீழே நானே எழுதிய மாதங்களைப் பார்க்கவில்லை.

புகைபோக்கிக்குக் கிழக்கே பன்னிரண்டு வீடு.
அதில் எட்டு அட்டை என் அலுமாரியில்.

ஊசிக்கு ஒரு கட்டம் இருக்கிறது,
பல் முளைத்ததற்கு ஒரு கட்டம்.
காற்றுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், பென்சிலால்,
மேற்கிலிருந்து கிழக்கே ஓர் அம்பு போடுகிறேன்.
யார் பார்ப்பார்களோ.

"இழுத்து மூச்சு விடு பாப்பம்."
முதுகில் காதை வைக்கிறேன்.
உள்ளே ஒரு பூனைக்குட்டி.
அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்,
சிரிக்கிறான்.

போளைகளைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டான்:
"இதையும் வச்சு நிறுத்தா
பதினஞ்சு வருமா, மிஸ்?"