ஒரு பாட்டுக்குப் பதினைந்து மரம்

இருபதில் தொடங்கி இறங்குவேன்.
குலசேகரத்தில் மணி மூன்றரை,
தலைவிளக்கு வட்டத்தில் பட்டை, கத்தி, பால்.
ஒரு காது பாட்டுக்கு,
இன்னொன்று காட்டுப்பன்றிக்கு.

பதினேழில் தபேலா நுழையும் இடத்தில்
கை தானாக வேகம் பிடிக்கும்,
வெட்டு ஆழமாகிவிடும்.
"லே, மரத்தக் கொல்லுதியா?" என்றார் தங்கமுத்து.
பட்டியலை விட்டே தூக்கினேன் அதை.
இரண்டே நாள்.

பன்னிரண்டும் பதினொன்றும் ஒரே குரல்.
அந்தக் குரலுக்காகத்தான்
கணக்குப் பரீட்சையில் தோற்றது.

ஒன்பது, ஜெபசீலி அனுப்பியது.
அவள் மஸ்கட் போனதும் நாலுக்கு ஏற்றினேன்.
அழைக்காத மாதத்தில்
பதினாலுக்கு இறக்கினேன்.
பாவம், பாட்டுக்கு ஒன்றும் தெரியாது.

ஒன்றாவது எதுவென்று
யாரிடமும் சொன்னதில்லை.
ஓடைக்கரையின் கடைசிப் பதினைந்து சிரட்டைக்கு அது.
இடவப்பாதி தொடங்கியபின்
மூன்றிலோ இரண்டிலோ
மழை பிடித்துக்கொள்கிறது.
மழையென்றால் வெட்டில்லை, கூலியில்லை,
ஒன்றாவதும் இல்லை.

பொறுக்காமல் ஒருநாள்
வீட்டில் படுத்தபடி போட்டுப் பார்த்தேன்.
ஓட்டில் மழை, இரண்டு காதிலும் பாட்டு.
நன்றாகத்தான் இருந்தது,
ஏழாவதோ எட்டாவதோ
வைக்கலாம்.