பதினொரு விநாடி

வட்டு விழுந்தது செவ்வாய் மாலை,
பீல் ரயில் நிலையப் படிக்கட்டில்,
மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு.
ஒரு சாண் உயரம் இருக்குமா?

வீட்டுக்கு வந்து செருகினேன்.
டிக். டிக். டிக்.
கடிகாரம் செய்கிற ஊர் இது.
அந்தச் சத்தத்துக்கு இங்கே நல்ல விலை.
என் மேசையில் மட்டும்
அதற்கு வேறு பொருள்.

உள்ளே இருந்தது
துவாரகிக்கும் மயூரதனுக்கும் நடந்த கல்யாணம்.
இரண்டு கமரா, ஒன்பது மணி நேரம்.
முற்பணம் வாங்கியாயிற்று,
செலவழித்தும் ஆயிற்று.

குளிர்ப்பெட்டிக்குள் வை என்றான் ஓல்டன் மச்சான்.
அவன் பேச்சைக் கேட்டு வாங்கிய கார்
வாசலில் நிற்கிறது.
நின்றுகொண்டேதான் இருக்கிறது.

பேர்ன் ஆய்வுகூடத்தில் எடுத்தவள் திருமதி சுர்புகன்.
"போனை வட்டுக்குக் கிட்ட வையுங்கள்" என்றாள்.
வைத்தேன்.
நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பவள் போல
நெடுநேரம் பேசாதிருந்தாள்.
"தூசியில்லாத அறை, மூன்று கிழமை,
ஆயிரத்து எண்ணூறு பிராங்.
நீங்களே செய்வதென்றால் ஒரேயொரு தடவை.
இன்னும் எத்தனை சுற்றுத் தாங்கும் என்று
அதற்கே தெரியாது."

கணக்கில் அறுநூற்று நாற்பது இருந்தது.

அன்றிரவு முழுக்க
மீட்டுத் தரும் மென்பொருள்கள்
என்னோடு பேரம் பேசின.
முதலாவது இலவசம் என்றது.
எல்லாக் கோப்புகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன் என்று ஆசை காட்டி
எடுக்கப் போகையில்தான் கையை நீட்டுமாம்.
இரண்டாவதன் விளம்பரத்தில்
மங்கலாய் யாரோ ஒருத்தியின் பாதி முகம்.
மீதிப் பாதிக்கு எண்பத்தொன்பது பிராங்.
மூன்றாவதற்கு ஐந்து நட்சத்திரம்.
புகழ்ந்த அத்தனை பேருக்கும்
ஒரே எழுத்துப்பிழை.

நாலாவது ஒரு கறுப்புத் திரை.
பொத்தான் இல்லை, படம் இல்லை, இளிப்பில்லை.
கையேட்டின் முதல் வரி:
காயப்பட்ட வட்டில் என்னை நிறுவாதே.
இரண்டாம் வரி:
முதலில் பிரதி எடு.
தள்ளி நில் என்று தன்னைப் பற்றியே சொல்லும் கடைக்காரனை
நான் இதுவரை பார்த்ததில்லை.
அதையே எடுத்தேன்.

இரண்டு இரவு ஓடியது.
இளகியதை முதலில் வாங்கிக்கொண்டு
முரண்டு பிடித்ததைத் தாண்டிப் போய்
விடியற்காலை திரும்பி வந்து
ஒவ்வொரு துண்டாய்க் கெஞ்சியது.
மின்விசிறியை வட்டுக்கு வைத்துவிட்டு
நான் வியர்த்தேன்.
டிக் சத்தம் நின்றபோது
தொண்ணூற்றேழு சதவீதம்.
அதன்பிறகு அது எழும்பவேயில்லை.

பிரதியைக் கிளறினால்
பெயர்கள் எல்லாம் போயிருந்தன.
ஊர்வலம் ஓர் எண், பந்தி ஓர் எண்,
அழுத மாமனும் ஓர் எண்.
கெட்டிமேளம் ஏறுகிறது,
மயூரதனின் கை உயர்கிறது,
சாம்பல் கட்டங்கள்,
சாம்பல் கட்டங்கள்,
முடிச்சு விழுந்துவிட்டது, அட்சதை தரையில்.
பதினொரு விநாடி.
அந்த நேரம் இரண்டாம் கமராவில்
நான் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

கூடவே இன்னொன்றும் வந்தது.
நிறுத்த மறந்த கமரா, சரிந்த கோணம்.
திரைக்குப் பின்னால் செருப்பில்லாமல் துவாரகி
கூறைச்சேலையை இடுக்கிக்கொண்டு
ரோல்ஸ் கடிக்கிறாள்.
வாய் நிறையச் சுவிஸ் ஜெர்மனில் சிரிக்கிறாள்.
தாய் அவள் தாடையில் தூள் தட்டுகிறாள்.
குப்பை என்று அன்றைக்கே நான் அழித்தது.

மீட்கிறவனுக்குத் தெரியாது
தொலைந்தது எது, எறிந்தது எது என்று.
எழுதி அழித்த இடம் அவனுக்கு
இன்னும் யாரும் குடிவராத வீடு.
கதவைத் தட்டுகிறான்,
உள்ளே இருப்பவரைக் கூட்டி வருகிறான்.

வியாழன் போன் எடுத்து
உள்ளதைச் சொன்னேன்.
பின்னால் மயூரதனின் குரல்:
"தாலி கட்டினதே இல்லையாமோ?"
"கழுத்திலைதானே கிடக்கு" என்றாள் அவனுக்கு.
பிறகு எனக்கு:
"அந்த ரோல்ஸ் துண்டை முதல்லை அனுப்புங்கோ."

மீதிக் காசில்
நூறு பிராங் குறைத்துத்தான் போட்டிருந்தாள்.
சரிதான்.