மூன்றை அழுத்தவும்

கைதியின் கணக்கில் பணம் கட்ட ஒன்று.
புகார் தெரிவிக்க இரண்டு.
கைதியைப் பார்க்க மூன்று.
ஒன்றை அழுத்தினால் உடனே ஒரு மனிதக் குரல்.
மூன்றுக்கு சாக்ஸபோன்.
டீ நேரம் மொத்தம் பதினைந்து நிமிடம்,
தையல் மெஷின்கள் ஓய்ந்த ஹாலுக்கு வெளியே
கழிப்பறைக் கதவில் சாய்ந்து
அந்த சாக்ஸபோனை முழுக்கக் கேட்டு முடித்தேன்.
சனிக்கிழமை, பத்தரை மணி, நாற்பத்தைந்து நிமிடம் கிடைத்தது.

வெள்ளி இரவு டர்பனில் டாக்ஸி
பதினைந்து பேர் நிரம்பினால்தான் நகரும்.
நிரம்பியபோது பதினொன்று.
வான் ரீனன் கணவாயில் மூடுபனி.
டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டு
தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஓட்டினான்.
ஹாரிஸ்மித்தில் மாமெல்லோ ஏறினாள்.
மாதாமாதம் அதே போர்வை, அதே ஓர இருக்கை.
அவள் மகனும் அங்கேதான்.
என்ன செய்தான் என்று நான் கேட்டதில்லை,
என் தம்பியைப் பற்றி அவளும்.

ப்ளூம்ஃபொன்டெய்னுக்கு வெளியே
புல்லெல்லாம் உறைந்து வெளுத்துக் கிடந்தது.
இது சர்க்கார் நடத்துவதில்லை. கம்பெனி.
பூட்டு கம்பெனியுடையது, சாவி கம்பெனியுடையது,
வாசலில் ரோஜாச்செடிக்குச் சொட்டுநீர்க் குழாய்.
வரவேற்பு மேசையில் ஒரு படிவம்:
எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?

வையாபுரி, என்றேன்.
ஃபியாபோரி, என்று எழுதிக்கொண்டான்.
ஷூவைக் கழற்று. நாக்கைத் தூக்கு.
கொண்டையை அவிழ்த்துக் காட்டு.
பீன்ஸ் கறி கூடாது,
உள்ளே கம்பெனிக் கடை இருக்கிறது,
இருபது ராண்ட் சிப்ஸ் முப்பத்தெட்டு.
நீலக் கம்பளிச் சட்டையும் கூடாது.
உடை அவர்களே கொடுக்கிறார்களாம்.

தேசிகன் வந்தான். ஆரஞ்சு நிறத்துக்குள்
கழுத்து மட்டும் வேறு யாருடையதோ போல.
முதல் பத்து நிமிடம் நாய்க்குப் போனது.
பிறகு கூரை ஒழுகுவது, வக்கீல், மறுபடி நாய்.
வீட்டில் நாங்கள் பேசுவது ஆங்கிலம்தான்.
தமிழென்று மிஞ்சியது சில பாத்திரங்கள், சில வசவுகள்,
காவடி வாரத்தில் பாடும் நாலு வரி.
காவலாளி அடுத்த மேசைக்குத் திரும்பிய நேரம்
அவன் குனிந்து, உதடு அசையாமல் சொன்னான்:
"குளுருது அக்கா."

அந்தச் சொல் அவனிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.
எல்லாவற்றையும் சோதிக்கிறார்களே,
எங்கே மறைத்து வைத்திருந்தான்?

காவலாளியின் சட்டைப் பையில் ஒரு முத்திரை,
பச்சை வட்டத்துக்குள் விரிந்த கை.
எங்கோ பார்த்த கை.
சிப்ஸை அவன் ஒவ்வொன்றாக, நுனியில் கடித்துத் தின்றுகொண்டிருக்கையில்
நினைவு வந்தது.
மே மாதம் தொழிற்சாலையில் கொடுத்த உறை.
பத்தொன்பது வருடம் காலர் தைத்த என் சேமநிதி
எங்கெங்கே போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியல்,
மூன்றாம் பக்கம், பொடி எழுத்து.
பச்சை வட்டம், விரிந்த கை.
தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று
சர்க்கார் கம்பெனிக்குக் கட்டுகிறது.
அதில் ஒரு செண்டோ அரை செண்டோ
என் பெயருக்கு வந்து சேர்கிறது,
அவன் நடுங்கிய இரவுக்கும் சேர்த்து.

அவனிடம் சொல்லவில்லை.
மணி அடித்தார்கள்.

திரும்பும் வழியில் மாமெல்லோ
போர்வையில் பாதியை என் முழங்கால் மேல் போட்டாள்.
அவள் மகனை வியாழக்கிழமையே
வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்களாம்.
எந்த ஊர் என்று வாசலில் சொல்லத் தெரியவில்லை.
அவளும் மூன்றைத்தான் அழுத்தியிருந்தாள்.
உறுதி செய்தி கூட வந்திருந்தது, காட்டினாள்.
நீலச் சட்டை என் மடியில், விலைச்சீட்டோடு.
அவளுக்குத் தரலாமா என்று நினைத்தேன்;
ஹாரிஸ்மித் வந்துவிட்டது.

திங்கட்கிழமை, டீ நேரம்.
இந்த முறை இரண்டை அழுத்தினேன்.
அதே சாக்ஸபோன்.