வழி அனுமதி

"எந்த வழியாகப் போவீர்கள் புவான்?"
பட்டாணி சாலை நிலையத்தில் சார்ஜன் சம்சுல் கேட்டார்.
நெடுஞ்சாலை. ஜூரு, தைப்பிங், தாப்பா, பிறகு சுபாங் சுடுகளம்.
"எங்காவது நிற்பீர்களா?"
தாப்பாவில். கழிவறைக்கு.
சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார்.

என் பிஸ்டலுக்கு இரண்டு பக்கக் கடிதம்.
வரிசை எண், குழல் விட்டம்,
செய்த ஊர், செய்த ஆண்டு,
யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது,
என்று புறப்படும், என்று திரும்பும்.
கடைசி வரி தடித்த எழுத்தில்:
வழி மாறினால் அனுமதி செல்லாது.

ஆயுதம் ஒரு பெட்டியில், வெறும் வயிற்றோடு.
தோட்டா வேறு பெட்டி, வேறு பூட்டு, வேறு சாவி.
சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி
முகம் பார்க்காமல்
காரின் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன.

இந்த வயதில் உனக்கெதற்கு என்பார்கள்.
காகிதத்தில் ஓட்டை போட, என்பேன்.
பதினோரு வருடமாக
அது கொன்றதெல்லாம் காகிதம்தான்.

கூட சிவநேசன்.
களத்தில் இலக்குத் தாள் மாற்றுகிறவன், இருபத்து மூன்று வயது.
நான் தொலைநோக்கியில் தேடும் ஓட்டையை
வெறுங்கண்ணால் படித்துவிடுவான்:
"ஒன்பது, அக்கா. இடப்பக்கம். மூச்சை விட்டுட்டீங்க."
நீயும் சுடேன் என்றால் தலையாட்டுவான்.
லைசென்ஸுக்கு ஐசி வேண்டும்.
ஐசிக்கு சூராட் பெரானாக் வேண்டும்.
சூராட் பெரானாக்குக்கு அம்மா வேண்டும்.
அம்மா, நாலாம் நாள்,
பக்கத்து வீட்டில் பிள்ளையைப் படுக்கவைத்து
பால்டின் வாங்கப் போனவள்.

விடியாத நாலரை மணி. பாலம் தாண்டி,
ஜூரு டோல் தாண்டி, சாலைத் தடை.
டார்ச் அடித்தவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.
கடிதத்தைக் கொடுத்தேன், பெட்டியைத் திறந்தேன்.
இரும்பிலிருந்த எண்ணை விரலால் தடவி
தாளிலிருந்த எண்ணோடு சேர்த்துப் படித்தார்.
பொருந்தியது.
"எல்லாம் சரி புவான்."

வெளிச்சம் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தது.
"ஐசி?"

சிவநேசன் எடுத்துக் கொடுத்தது
பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம்.
லேமினேட் செய்தது, ஓரம் பிரிந்தது.
இந்தப் பையனை எனக்குத் தெரியும்.
அவ்வளவுதான் அதில்.
வரிசை எண் இல்லை.

அவனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.
நீங்கள் போகலாம்,
ஆயுதம் தாமதிக்கக் கூடாது.

மாநில எல்லை இன்னும் இருபது நிமிடம் தள்ளி
கிரியான் ஆற்றில் கிடக்கிறது.
இவனுக்கு ஜூருவிலேயே எல்லை.

நானும் வருகிறேன் என்றேன்.
"முடியாது. உங்கள் வழியில் புக்கிட் மெர்தாஜாம் இல்லை."
அப்படியானால் எழுதிக் கொடுங்கள்.
"எதை?"
வழி மாறியதை. காரணத்தோடு.
இல்லாவிட்டால் இந்தப் பெட்டியோடு
இங்கேயே, தார்ச்சாலையில், உட்கார்ந்துவிடுவேன்.

அவர் யாருக்கோ போன் செய்தார்.
யாரோ யாருக்கோ செய்தார்கள்.
லாரிகள் கோழி நாற்றத்தோடு கடந்துகொண்டிருந்தன.
பிறகு கார் மூக்கின்மேல் தாளை வைத்து,
பேனா எழுதாமல், உதறி, ஊதி,
என் துப்பாக்கியின் கடிதத்தில், விளிம்போரம்:
வழி மாற்றம், புக்கிட் மெர்தாஜாம்.
காரணம், உடன் வரும் சிவநேசன், வயது 23.
எண் என்ற இடத்தில் ஒரு கோடு.
கீழே கையெழுத்து, பதவி, நேரம்.

நிலையத்து பெஞ்சில்
என் போட்டி நேரம் மெல்லக் கழிந்தது.
பெட்டி என் காலடியில்.
சிவநேசன் மட்டும் அந்த விளிம்பை
பத்தாம் வளையத்தைப் பார்ப்பதுபோல்
கண் சுருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேர்ல ஒரு எழுத்து தப்பு" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"பரவால்லக்கா.
இத ஒரு போட்டோஸ்டாட் எடுத்துக்கலாமா?"