சீனி முகமதுவின் நாக்கு

மாதிரி எண் நானூற்றுப் பதினேழு.
ஒரு சிட்டிகைகூட இல்லை,
குப்பியின் அடியில் வியர்த்த மாதிரி ஓர் ஈரம்.
ஒரு கரண்டிச் சீனியின் வேலையை
இது பார்த்துவிடும் என்கிறது என் கணக்கு.
கணக்கு டீ குடிக்காது.
ஆகவே சுங்கை டுவா முனையில்
இரவு பதினொன்றரைக்கு
சீனி முகமதுவின் கடைமுன் நிற்கிறேன்.

ஒப்புதல் படிவத்தை மாவுக் கையோடு வாங்கினார்.
பெயர் என்ற இடத்தில் 'சீனி' என்று எழுதி
பேனாவை நிறுத்தினார்:
"எம்பேரையே எடுக்க வந்தியா புள்ள?"

ஆப்பிரிக்கக் காட்டில் ஏதோ ஒரு சிவப்புப் பழம்.
அதில் இனிப்பது ஒரு புரதம்,
பருப்பும் முட்டையும் பிறந்த அதே குலம்.
இரண்டு இழை.
முடிச்சில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று
சாய்ந்து நிற்பவை.
சூடு ஏறினால் விலகும்.
விலகினால் இரண்டுக்குமே ருசி கிடையாது.
(உவமை வேண்டாம் என்று ஹூய் ஷானிடம் சொன்னேன்.
மோதிரம் கழற்றிய என் விரலை ஒருமுறை பார்த்துவிட்டு
அவள் பிப்பெட்டுக்குத் திரும்பினாள்.)

பழத்தை நாங்கள் கண்டதேயில்லை.
அதன் எழுத்துகளை வாங்கி
ஈஸ்டுக்குப் படிக்கக் கொடுத்தோம்.
பாயான் லெப்பாசில், சில்லுத் தொழிற்சாலைக்குப் பின்புறம்,
நூறு லிட்டர் எஃகுத் தொட்டியில்
நுரைதள்ள அது ஒப்பித்துக்கொண்டிருக்கிறது.
இழைகளுக்கு நடுவே
இரண்டே அமினோ அமிலத்தில் ஒரு முடிச்சு,
அது நான் போட்டது.
ஒன்பது மாதம்.

முந்தையவை எல்லாம் அவர் நாக்குக்குத் தெரியும்.
நூற்றுப் பன்னிரண்டு: கொதிநீரில் அவிந்து வெறும் வெந்நீர்.
இருநூற்று ஆறு: பழைய காசை நக்கிய மாதிரி.
முந்நூற்று நாற்பதில் இனிப்பு வந்தது,
வந்தது போகவில்லை.
"அன்னிக்கு ராத்திரி மீன் ஆணமே பாயாசம்.
பொண்டாட்டி ஒரு வாரம் பேசல."

இன்று தே ஓ. பால் கிடையாது.
குப்பியை நான் கவிழ்த்தேன்.
குவளைக்கும் குவளைக்கும் நடுவே
இரண்டு முழம் பழுப்புக் கயிறு,
ஆவி பறக்க.
கடிகாரத்தை அழுத்தினேன்.

ஒரு மடக்கு.
"ஒண்ணுமில்லையே."
திரும்பி ரொட்டியைப் புரட்டினார்.
இரண்டு. மூன்று.
"கோசோங்தான் இது, காச வச்சிட்டுப் போ."
நான்கு.

கரண்டிமேல் ரொட்டி அப்படியே நின்றது.

சீனி, கதவு தட்டாமல் நுழையும் சொந்தக்காரன்.
இதுவோ மூன்று மாடி ஏறி
மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது;
வந்தால் பாய் விரித்துப் படுத்துவிடும்.

அவர் முகத்தை எழுதப் படிவத்தில் இடமில்லை.
ஒன்றிலிருந்து ஒன்பது வரை கட்டங்கள்தான்.
"ஏழு" என்றார்.
அடுத்த மேசைக்கு ரொட்டி போட்டு வந்து
"ஏழும் இல்ல.
நல்லாத்தான் இருக்கு. ஆனா சீனி இல்ல."
இதை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

மேசையில் ஒரு சொட்டு சிந்தியிருந்தது.
ஒரு சாண் தள்ளி, கெட்டிப்பால் சொட்டு.
எறும்புச் சாரி
என் ஒன்பது மாதத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று,
மீசையைக்கூட அசைக்காமல்.
தாவரத் தோட்டத்துக் குரங்குக்கு இது இனிக்கும்.
எனக்கும். வங்கி மேலாளருக்கும்.
எறும்பிடம் செல்லாது.
"அதுக்குப் படிவம் குடுக்கலியே நீ" என்றார் சீனி.

மிச்சத்தை நான்தான் குடித்தேன்.
காரில் ஏறியபிறகு கவனித்தேன்,
கடிகாரத்தை நிறுத்தவே இல்லை.
இருபத்தாறு நிமிடம், இன்னும் ஓட்டம்.
கைப்பேசி ஒளிர்ந்தது.
பட்டர்வொர்த், பெயரை அழித்த எண்.
நாக்கின் ஓரங்களில் இனித்துக்கொண்டிருந்தது.
எடுப்பதா என்று நான் யோசித்ததையும்
நொடி நொடியாகச் சேர்த்து
அது எண்ணிக்கொண்டிருந்தது.